பொய்க் குறட்டை

ஆந்திரத்து ஆகிவீடு ஊரிலிருந்து கௌகாத்திக்கு மீன் லாரி ஓட்டுகிறவனுக்கு இரண்டு தொழில் தெரிந்திருக்க வேண்டும். ஒன்று ஓட்டுவது, மற்றது தூங்குவது. ஓட்டுவதை எவனுக்கும் ஆறு மாதத்தில் சொல்லிக்கொடுத்துவிடலாம். தன் முறை முடிந்ததும் சீட்டுக்குப் பின்னாலிருக்கும் ஒன்றரை முழப் பலகையில் ஏறி, லாரி குதிக்கக் குதிக்க, எண்ணி மூன்றாவது மூச்சில் தூங்கிப்போவது பிறவியிலேயே வரவேண்டும். சூரிபாபுவுக்கு அது வந்திருந்தது. இரண்டாவது மூச்சிலேயே போய்விடுவான். பாதி கொட்டாவியில் தூங்கி, ஆறு மணி நேரம் கழித்து மீதிக் கொட்டாவியோடு எழுந்தவன் என்று அவனுக்குப் பெயர்.

சக்கரம் நிற்கக்கூடாது என்பதுதான் அந்த வழியின் சட்டம். நின்றால் ஐஸ் அழத் தொடங்கும். கொல்லேறு ஏரிப் பக்கத்துக் குளங்களில் வலைபோட்டு இழுத்த சீலாவதியும் கட்லாவும் நொறுக்கிய ஐஸுக்கு நடுவில் பெட்டி பெட்டியாகப் படுத்திருக்கும். மூன்றாம் நாள் அஸ்ஸாமில் இறக்கும்போது ஐஸ் பாதியாவது மிச்சமிருக்க வேண்டும். டீசலுக்கும் ஒன்றுக்குப் போகவும்தான் நிறுத்துவார்கள். ஆள் மாறுவதற்கு நிறுத்துகிறவனை மற்ற டிரைவர்கள் புதுப்பெண் என்பார்கள். ஒருவன் இடுப்பை நகர்த்த, மற்றவன் அந்த இடைவெளியில் நுழைய வேண்டும். சூரிபாபுவும் அவனுடைய பழைய கூட்டாளியும் ஒருதரம் இப்படி மாறும்போது, மற்றவன் உட்கார்ந்துவிட்டான் என்று நம்பி இரண்டு பேருமே பலகையில் ஏறிப் படுத்துவிட்டார்களாம். லாரி தன்பாட்டுக்கு எட்டு மைல் ஓடி ஒரு டீக்கடை வாசலில் நின்றதாம். எட்டு மைல் என்பது மிகை. ஐந்துதான்.

அந்தப் பழைய கூட்டாளிக்குக் கண்ணில் புரை விழுந்து வீட்டோடு இருந்துவிட, நாலு மாதத்துக்கு முன் வந்து சேர்ந்தவன் ஏடுகொண்டலு. வயது முப்பத்திரண்டு. கல்யாணமாகவில்லை. பார்க்கப் போன வீடுகளிலெல்லாம் பெண்ணுக்குப் பிடித்துத்தான் இருந்தது, மீன் வாடைதான் அவள் மூக்குக்குப் பிடிக்கவில்லை. சூரிபாபுவை அண்ணய்யா என்றும், அண்ணன் பெண்டாட்டி ஆகையால் மாணிக்யத்தை வதினா என்றும் கூப்பிடுவான்.

காலை ஆறிலிருந்து பகல் பன்னிரண்டு வரை சூரிபாபுவும், பன்னிரண்டிலிருந்து ஆறு வரை கொண்டலுவும் ஓட்டுவார்கள். இரவிலும் அதே கணக்கு. ராத்திரித் தூக்கம் நாணயமானது, கதவைத் தட்டிவிட்டுத்தான் வரும். மத்தியானத் தூக்கம் திருட்டுப் பூனை. அதனால் ஆகிவீட்டு லாரிக்காரத் தெருவில் ஒரு வழக்கம் உண்டு. இரண்டு மணியானால் வீட்டுக்கு வீடு பெண்கள் செல்போனை எடுத்துக்கொண்டு உட்கார்ந்துவிடுவார்கள். ஒடிசாவிலும் வங்காளத்திலும் ஓடிக்கொண்டிருக்கிற புருஷன்மாரை விழிக்கவைப்பது அவர்கள் வேலை. கொஞ்சிப் பேசினால் இருபது கிலோமீட்டர் தாங்கும். சண்டை போட்டால் அறுபது தாங்கும். மாமியார் செய்ததையெல்லாம் பேச்சில் எடுத்த ஒருத்தி அதை வைத்தே புருஷனை ஒடிசா முழுவதும் தாண்டவைத்தாள்.

மாணிக்யத்துக்கு இந்த வேலை இருந்ததில்லை. அவள் புருஷனுக்கு மத்தியானம் தூங்குகிற முறை. ஆனால் கொண்டலு வந்த முதல் நடையிலேயே, பாலாசோருக்குப் பக்கத்தில் கண்செருகி, முன்னால் போன வைக்கோல் வண்டியை உரசிவிட்டான். சூரிபாபு கண்விழித்தபோது கேபினுக்குள் கழுத்தளவு வைக்கோல் இருந்தது. வீட்டுக்கு வந்ததும் பெண்டாட்டியிடம் சொன்னான்: "அவனுக்குன்னு யாரும் இல்ல. மத்தியானத்துல நீ ரெண்டு வார்த்தை பேசு. இல்லாட்டி ரெண்டு பேரும் ஒண்ணாப் போய்ச் சேர்ந்துடுவோம்."

சொன்னவன் அவன்தான். அதனால் பழியை வேறு யார்மேலும் போட வழியில்லை. அவனை எரித்ததில் பாதி அதுதான்.

மூன்றாவது நடையில் ஒருநாள், தூக்கம் வருவதற்கு முந்திய அந்த இரண்டாவது மூச்சில், மாணிக்யம் போனில் சிரித்தது அவன் காதில் விழுந்தது. மூன்றாவது மூச்சு வரவில்லை. அன்றோடு போயிற்று தூக்கம். அவர்கள் பேசுவதைக் கேட்க வேண்டும், கேட்பது தெரியக்கூடாது. எனவே சூரிபாபு குறட்டை விட ஆரம்பித்தான். தூக்கமில்லாமல் ஆறு மணி நேரம் ஒரே சீராகக் குறட்டை விடுவது லாரி ஓட்டுவதைவிடக் கடினம். ஸ்டியரிங்கையாவது ஒரு கையால் பிடித்துக்கொள்ளலாம்.

இந்த நடைக்குப் புறப்படுகிற காலையில் அவன் சாப்பிட உட்கார்ந்தான். சுடுசோறு, கோங்கூரா பச்சடி, பொரித்த கருவாடு. மாணிக்யம் எதிரே உட்கார்ந்து கொக்கி ஊசியால் லேஸ் பின்னிக்கொண்டிருந்தாள். நரசாபுரத்து ஏஜெண்டுக்குப் பத்தாம் தேதிக்குள் பன்னிரண்டு மேஜை விரிப்பு தரவேண்டும். ஒரு கண்ணி தவறினாலும் பூ கோணிப்போகும் என்பதால் வாய்விட்டு எண்ணியபடிதான் பின்னுவாள்.

"சோத்தைப் பார்த்துச் சாப்பிடுங்க. என் கையைப் பார்த்துக்கிட்டிருந்தா இறங்குமா?"

"உங்கிட்ட ஒண்ணு கேக்கணும்."

"பதினாலு, பதினஞ்சு. கேளுங்க. பதினாறு."

"அவன்கிட்ட என்னத்தைத்தான் பேசற?"

"எவன்கிட்ட? பதினேழு."

"கொண்டலுகிட்ட."

"நீங்க பக்கத்துலதான படுத்திருக்கீங்க. பதினெட்டு. கேக்கலையா?"

"நான் தூங்கறேன்ல."

"ஆமாமா, தூங்கறீங்கல்ல. பத்தொன்பது." மாணிக்யம் தலையை இன்னும் கொஞ்சம் குனிந்துகொண்டாள்.

சூரிபாபு கருவாட்டின் முள்ளை எடுத்துத் தட்டின் ஓரத்தில் வரிசையாக அடுக்கினான். "இந்த நடையில பேச வேணாம். அவன் பச்சமொளகா கடிச்சிக்கிட்டே ஓட்டட்டும்."

"போன நடையில மொளகாயை வாயில வெச்சிக்கிட்டே தூங்கிட்டான்னு நீங்கதான் சொன்னீங்க."

"அது சின்ன மொளகா."

"சரி, பேசல. நாளைக்கு லாரி எங்கயாவது கவுந்துச்சுன்னா ஏழுமலையான் என்னைக் கேக்கக்கூடாது."

அவன் வரிசையில் இன்னொரு முள்ளை வைத்து, "உங்கூடப் பேசறதுக்கு முன்னாடி அவன் தலை சீவிக்கறான்" என்றான்.

"சீவட்டுமே."

"போன்ல பேசறதுக்கு எவன்டி தலை சீவுவான்? கண்ணாடியைத் திருப்பி வெச்சி, வகிடெடுத்து. போன நடையில பவுடர் வேற."

"நீங்க நேர்லயே சீவறதில்ல. இருபது. மோர் ஊத்தட்டுமா?"

எழுந்து போகிறபோதுதான் அவன் மனதில் அது தைத்தது. இத்தனை பேச்சிலும் அவள் ஒரு கண்ணிகூடத் தவறவில்லை.

லாரி பத்து மணிக்குப் புறப்பட்டது. பன்னிரண்டுக்கு ஆள் மாறினார்கள். சூரிபாபு பலகையில் ஏறிச் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்து, குறட்டையை ஆரம்பித்தான். வெயில் கேபினுக்குள் கொதித்தது. பெட்டிகளிலிருந்து ஐஸ் தண்ணீர் பின்னால் கோடு போட்டுக்கொண்டே வந்தது. துனி தாண்டியதும் கொண்டலு சீப்பை எடுக்கிற சத்தம் கேட்டது. இரண்டு மணிக்குப் போன் அடித்தது. அது ஸ்டியரிங்குக்குப் பக்கத்தில் ஒரு கொக்கியில் தொங்கும், ஸ்பீக்கரில்தான் பேச்செல்லாம்.

"சாப்பிட்டியாப்பா கொண்டலு?"

"ஆய், வதினா."

அங்கேதான் சூரிபாபுவுக்கு முதல் குத்து. கோதாவரிக்காரன் வாயில் ஆமாம் என்பதற்குப் பதிலாக 'ஆய்' வரும். ஆனால் கொண்டலுவின் 'ஆய்' சர்க்கரைப்பாகில் போட்டு எடுத்தது.

"உங்க அண்ணய்யா?"

"தூங்கறாரு. கேக்குதா?"

சூரிபாபு குறட்டையில் இன்னும் கொஞ்சம் கனம் சேர்த்தான்.

"கேக்குது. நல்லாவே கேக்குது. ஏழு, எட்டு. அவர் என்னைப் பொண்ணு பார்க்க வந்த கதை உனக்குச் சொல்லியிருக்கேனா? ஒன்பது."

"இல்ல வதினா."

"அஸ்ஸாம் நடை முடிச்சு நேரா வந்துட்டாரு. ரெண்டு நாள் தூக்கம் இல்ல. வந்தவரு நாற்காலில உக்காந்தாரு, கையில ஒரு லட்டு குடுத்தாங்க. பத்து. அப்படியே தூங்கிட்டாரு."

"உக்காந்துக்கிட்டேயா?"

"உக்காந்துக்கிட்டே, லட்டைப் பிடிச்சிக்கிட்டே. எங்கப்பா சொல்றாரு, பையன் எவ்வளவு அடக்கம் பாரு, பொண்ணை ஏறெடுத்துப் பார்க்கலைன்னு." பின்னால் குறட்டை தடுக்கித் தடுக்கி வந்தது. மாணிக்யம் சிரித்தாள். கொண்டலுவும் சிரித்தான். இருவரும் சேர்ந்து சிரித்ததில் லாரி மூன்று கிலோமீட்டர் போய்விட்டது. "ஐயோ, எண்ணினது போயிடுச்சு. பத்தா, பதினொண்ணா?"

பலகையில் குறட்டை ஒரு கணம் நின்று, மறுபடி பிடித்துக்கொண்டது.

எண்ணிக்கை போய்விட்டதா? புருஷன் எதிரே உட்கார்ந்து நெஞ்சு வெந்து கேட்டபோது பதினாலிலிருந்து இருபது வரை பிசகாமல் போனவளுக்கு, இந்தப் பவுடர் போட்டவனிடம் பத்திலேயே தடுமாறிவிட்டது. தான் தூங்கியது அந்த வீட்டில் ஒருவருக்கும் தெரியாது என்றுதான் பதினேழு வருஷமாக சூரிபாபு நம்பியிருந்தான். தனக்குச் சொல்லாததை அவனுக்குச் சொல்கிறாள்.

"எல்லாரும் பேசிக்கிட்டிருந்தாங்க. நான் கதவோரம் நின்னு அரைமணி நேரம் அவரையே பார்த்துக்கிட்டிருந்தேன். எந்தப் பொண்ணுக்குக் கிடைக்கும் அப்படி? தலை குனியவேணாம், வெக்கப்படவேணாம். இந்த ஆளு போதும்னு அப்பதான் முடிவு பண்ணினேன்."

"ஆய்" என்றான் கொண்டலு. ரொம்ப மெதுவாகச் சொன்னான். அந்த மெதுவை சூரிபாபுவால் தாங்க முடியவில்லை.

அன்றிரவு பன்னிரண்டிலிருந்து ஆறு வரை போன் அடிக்காது, தூங்கியிருக்கலாம். சூரிபாபு மல்லாந்து படுத்து, கேபின் கூரையில் அந்த அரைமணி நேரத்தைப் பார்த்துக்கொண்டு கிடந்தான். குறட்டையை மட்டும் விடவில்லை. பழகிவிட்டது.

மறுநாள் மத்தியானம் லாரி வங்காளத்துக்குள் நுழைந்தது. சாலையோரம் நெல் காயப்போட்டிருந்தார்கள். கொண்டலு அன்றைக்கு வகிடு எடுத்ததோடு சட்டையும் மாற்றினான்.

"என்ன வதினா, இன்னிக்குக் குரல் ஒரு மாதிரி இருக்கு?"

"ஒண்ணுமில்ல. மூணு நாள் ஓட்டம், மூணு நாள் திரும்பறது, ஒண்ணரை நாள் வீடு. அந்த ஒண்ணரை நாள்ல அவரு எத்தனை மணி தூங்குவாரு தெரியுமா?"

"பத்து?"

"இருபத்தாறு. நான் கட்டிலுக்குப் பக்கத்துல உக்காந்து லேஸ் போடுவேன். எனக்குக் கல்யாணம் ஆனது ஆளோட இல்லப்பா, குறட்டையோட. முழிச்சிருக்கும்போது ஏதாவது சொன்னா 'ம்'ங்கறதுதான். கோழி செத்துடுச்சுன்னா 'ம்'. மக தணுக்கு ஊர்லேருந்து வர்றாள்னா 'ம்'. வீடு பத்திக்கிட்டு எரியுதுன்னு ஒருநாள் சொல்லிப் பார்த்தேன்."

"என்ன சொன்னாரு?"

"'ம், பார்த்துக்க'ன்னாரு."

கொண்டலு சிரிக்கவில்லை. "நான்லாம் அப்படி இருக்கமாட்டேன் வதினா" என்றான்.

சூரிபாபு பலகையின் விளிம்பைக் கடித்தான். அந்தப் பல் தடம் இன்னும் அந்த லாரியில் இருக்கிறது.

தூக்கமில்லாதவன் சாலையில் முதலில் இல்லாததைப் பார்ப்பான். அதற்கும் ஒரு வரிசை உண்டு. முதலில் பூனை குறுக்கே போகும். பிறகு வாழைமரம் நடந்து போகும். அதற்கடுத்து உறவினர்கள் வருவார்கள். அன்றிரவு மால்டா தாண்டியதும் சூரிபாபு உறவினர்களை எட்டிவிட்டான். மைல்கல்லுக்கு மைல்கல் அவனுடைய மாமனார் கையில் ஒரு லட்டோடு உட்கார்ந்திருந்தார். இவை பொய் என்று அவனுக்குத் தெரியும், அனுபவஸ்தன். எதற்கும் பிரேக்கைத் தொடாமல், மாமனாருக்கு மட்டும் மரியாதைக்காக ஹாரன் அடித்துக்கொண்டே போனான்.

மூன்றாம் நாள் காலை ஏழு மணிக்கு, சிலிகுரிக்கு அப்பால் தேயிலைத் தோட்டங்களுக்கும் காட்டுக்கும் நடுவே போகிற சாலையில், பனி பால்போல் இறங்கியிருந்தது. பலகையில் படுத்திருந்த கொண்டலு ஏனோ விழித்துக்கொண்டு எட்டிப் பார்த்தான்.

"அண்ணய்யா, யானை."

"தெரியும்."

"நடு ரோட்டுல நிக்குது."

"நிக்கட்டும்."

"பிரேக்கைப் போடுங்க."

"பொய் யானைடா அது. ராத்திரி முழுக்க எங்க மாமனாரு கல்லு கல்லா உக்காந்திருந்தாரு. அவருக்கே நிறுத்தல."

"அண்ணய்யா, எனக்கும் தெரியுது."

அந்த ஒரு வார்த்தை சூரிபாபுவின் மூளைக்குப் போய்ச் சேர்வதற்குள் கொண்டலு பலகையிலிருந்து தலைகீழாகக் குதித்து, பிரேக்கின் மேல் இரண்டு கையையும் வைத்து முழு உடம்பால் அழுத்திவிட்டான். லாரி பக்கவாட்டில் இழுத்துக்கொண்டு போய், பாதிச் சாலையும் பாதி மண்ணுமாக நின்றது. பின்னால் ஆறு டன் மீன் ஒருசேர முன்னால் வந்து முட்டியது. யானைக்கும் கண்ணாடிக்கும் நடுவில் ஒரு முழம் இருந்தது. அது துதிக்கையை நீட்டிக் கண்ணாடியைத் தடவி, ஒருமுறை மோந்து பார்த்து, முகத்தைச் சுளித்துக்கொண்டு காட்டுக்குள் போனது. யானை முகம் சுளிக்குமா என்று கேட்கிறவர்கள் மீன் லாரியை மோந்து பார்த்ததில்லை.

என்ஜின் மட்டும் ஓடிக்கொண்டிருந்தது. கொண்டலுவின் நெற்றி உடைந்து, ரத்தம் அவன் வகிட்டின் வழியாக இறங்கியது.

"எத்தனை நாளாத் தூங்கல?" என்றான்.

"தூங்கறேன்டா. கேக்கலையா உனக்கு?"

"கேக்குது. இறங்கிப் பலகைல ஏறுங்க."

"என் முறை பன்னெண்டு மணி வரைக்கும்."

"உங்க முறை முடிஞ்சுபோச்சு அண்ணய்யா. கொஞ்சம் விட்டிருந்தா என் முறையும் சேர்த்து முடிஞ்சிருக்கும். ஏறுங்க."

லாரி மறுபடி சாலையில் ஏறியதும் கொண்டலு தலையைச் சீவாமல் போனை அழுத்தினான். மாணிக்யம் வாசலில் தண்ணீர் தெளித்துக்கொண்டிருந்திருக்க வேண்டும். வாளி கீழே வைக்கிற சத்தம் கேட்டது.

"என்னப்பா, காலங்காத்தால?"

"அண்ணய்யா யானையை நம்பல வதினா."

நடந்ததைச் சொன்னான். கேட்டு முடித்ததும் அவள், "அவரைக் கூப்பிடு" என்றாள்.

அந்த நேரம் பார்த்துப் பலகையிலிருந்து குறட்டை கிளம்பியது.

"தூங்கிட்டாரு வதினா."

"அது தூக்கம் இல்ல." அவள் குரலை உயர்த்தினாள். "எழுந்திருங்க. பதினேழு வருஷமாக் கேக்கறேன். உங்க நிஜக் குறட்டை ரெண்டு படி ஏறும், ஒரு விசிலோட இறங்கும். இது மரம் அறுக்கற சத்தம்."

குறட்டை நின்றது. லாரி ஒரு பாலத்தைத் தாண்டியது.

"எப்பலேருந்து தெரியும்?" என்றான் சூரிபாபு, சுவரைப் பார்த்தபடி.

"மொத நாள்லேருந்து."

"தெரிஞ்சுமா அவன்கிட்ட அப்படிச் சிரிச்சுச் சிரிச்சுப் பேசின?"

"அவன்கிட்டயா?" மாணிக்யத்தின் குரலில் உண்மையான ஆச்சரியம் இருந்தது. "நீங்க பொண்ணு பார்க்க வந்த கதையை ஊரான் பிள்ளைக்குச் சொல்லணும்னு எனக்கு என்ன வேண்டுதல்? முழிச்சிருந்தா 'ம்'ங்கறீங்க. தூங்கினா காதே இல்ல. இது ரெண்டும் இல்லாம, படுத்துக்கிட்டு, மூச்சைப் பிடிச்சிக்கிட்டு, நான் சொல்ற ஒவ்வொரு வார்த்தையையும் கேக்கற புருஷன் இப்பதான் கிடைச்சாரு. விடுவேனா? சொல்ல வேண்டியதையெல்லாம் சொல்லிட்டிருந்தேன்."

ஸ்டியரிங்கைப் பிடித்திருந்த கொண்டலு நேராகச் சாலையைப் பார்த்தான்.

"லட்டுக் கதையில எண்ணிக்கை ஏன் தப்பிப்போச்சு?"

"உங்க குறட்டை நின்னு நின்னு வந்துச்சு. எனக்குச் சிரிப்பு தாங்கல." வாளியை ஓரமாகத் தள்ளுகிற சத்தம் கேட்டது. "ஆனா கொஞ்சநேரம் கேட்டுட்டுத் தூங்கிடுவீங்கன்னுதான் நெனச்சேன். சத்தியமா. ராத்திரியாவது தூங்கலையா?"

"நெனச்சிக்கிட்டிருந்தேன்."

"என்னத்தை?"

"அரைமணி நேரம் பார்த்தேன்னு சொன்னியே. அதை."

போனில் வெகுநேரம் ஆகிவீட்டுக் காக்கைகள் மட்டும் கத்தின. பிறகு மாணிக்யம் மூக்கை உறிஞ்சிக்கொண்டு, "படுங்க. நான் வெக்கல போனை. நீங்க தூங்கறவரைக்கும் இருக்கேன்" என்றாள்.

"ம்" என்றான் சூரிபாபு.

இதற்குமேல் நடந்தது சூரிபாபுவுக்குத் தெரியாது. கொண்டலு சொன்னதுதான். இரண்டு மூச்சு. மூன்றாவதில் பின்னாலிருந்து அது கிளம்பியது: இரண்டு படி ஏறி, ஒரு விசிலோடு இறங்கியது. மூன்றாவது நடைக்குப் பிறகு கொண்டலு அதைக் கேட்பது அதுதான் முதல் தடவை.

"வதினா" என்றான் மெதுவாக.

"ஷ்."

அவள் இன்னும் நாலைந்து விசில் கேட்டாள். பிறகு போன் அணைந்தது.

மத்தியானம் இரண்டு மணிக்கு அது அடிக்கவில்லை. மூன்று மணிக்கும் அடிக்கவில்லை. கொண்டலு ஒரு மிளகாயைக்கூடக் கடிக்கவில்லை. கண் தானாகவே திறந்து கிடந்தது. அஸ்ஸாம் எல்லையைத் தாண்டினான். ஆறு மணி ஆயிற்று, அண்ணய்யாவை எழுப்ப வேண்டிய நேரம். எழுப்பவில்லை. இரக்கத்தினால் என்று ஆகிவீட்டில் இன்றும் அவனைப் பாராட்டுகிறார்கள். அதெல்லாம் ஒன்றுமில்லை. எழுப்பினால் அந்த ஆளுக்கு வதினாவின் போன் வரும், பலகையில் படுத்துக் கேட்க வேண்டியது இவன். அதனால் குழி பார்த்து, மேடு பார்த்து, விசில் ஒன்றுகூடத் தடைப்படாதபடி, கௌகாத்தி மீன் சந்தை வரைக்கும் அவனே ஓட்டிக்கொண்டு போனான்.